பச்சை நார்கள்

நுண்ணோக்கியின் லென்ஸுக்கும் எலியின் தசைக்கும் நடுவே ஒரு சொட்டு நீர் நிற்க வேண்டும், வழிந்துவிட்டால் படம் போய்விடும், அதனால் பிலோமினா மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சொட்டை இறக்கினாள். நின்றது. எலி ஒருக்களித்துக் கிடந்தது. மூக்கு ஒரு சின்னக் கூம்புக்குள் இருந்தது, கூம்பு வழியாக மயக்க வாயு வந்துகொண்டிருந்தது, வயிற்றுக்கு அடியில் சூட்டுத் தட்டு. பின்னங்காலில் விரல்நகம் அளவுக்குத் தோலை விலக்கி வைத்திருந்தாள், அந்த இடத்தில் தசை ஈரமாக, நனைந்த ரோஜா இதழின் நிறத்தில் இருந்தது. விளக்கை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் லேசர் ஓடத் தொடங்கும், லேசர் ஓடத் தொடங்கினால் ஏதாவது ஒரு பதில் வரும், பதில் வந்தபிறகு கீழே போய்த் தம்பியை மேலே அழைத்து வர வேண்டும். கீழே, ஆய்வு நிறுவனத்தின் வரவேற்பறையில், கிளாட்வின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் அம்மா. தூத்துக்குடியிலிருந்து ராத்திரி வண்டியில் வந்திருக்கிறார்கள். இது தெரிந்த விஷயம்தான், அனுமதி வாங்கியதும் அவள்தான், வா, நான் என்ன செய்கிறேன் என்று ஒரு தடவை உன் கண்ணால் பார் என்று கூப்பிட்டதும் அவள்தான். ஆனால் கூப்பிட்டபோது இன்றைக்குக் காலையில் அந்தப் போன் வரும் என்று யாருக்குத் தெரியும். பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு எடுத்தாள். புது மருந்துச் சோதனை நடத்தும் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம், உங்கள் தம்பியின் ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, உங்களுக்கே புரியும் மேடம், நீங்களும் இதே துறைதானே. அந்தப் பெண் நல்ல பெண். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பிலோமினா நுரையைத் துப்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியில் அது தொண்டைக்குள் இறங்கிவிட்டது, இன்னும் அந்தப் புதினா எரிச்சல் நெஞ்சில் இருக்கிறது, மதியம் ஆகியும் போகவில்லை.

உங்களுக்கே புரியும். ஆமாம், புரிந்தது, அதுதான் கொடுமை. புரியாதவளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சியிருக்கலாம், அம்மாவைப் போல மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கலாம். தசை கரைந்துகொண்டே போகிற அவன் நோய்க்கு மருந்து என்பது ஒரு நல்ல மரபணு. அதைத் தசைக்குள் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும், அந்த வண்டி ஒரு வைரஸ். யாரையும் ஒன்றும் செய்யாத சாதுவான வைரஸ், சளிக்காய்ச்சலோடு சேர்ந்து வந்து ஒட்டிக்கொண்டு தானாகப் போய்விடுகிற ஜாதி. எப்போதோ, பள்ளிக்கூடம் போகிற வயசில், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு மழையில் பந்து பிடித்த ஏதோ ஒரு ஐப்பசி மாசத்தில், அது கிளாட்வினுக்குள் வந்து போயிருக்கிறது. அவனுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும். ரத்தம் அந்த முகத்தை மறக்கவில்லை. இப்போது அதே வைரஸில் மருந்தை ஏற்றி அனுப்பினால் தசைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ரத்தம் அதை வழிமறித்து அழித்துவிடும். சில பேருக்கு இந்த எதிர்ப்பு கொஞ்சமாக இருக்கும், அவர்களைச் சோதனையில் சேர்த்துக்கொள்வார்கள். இவனுக்கு நிறைய. நிறைய என்றால் குறையக் காத்திருந்தும் பிரயோஜனம் இல்லை என்கிற நிறைய. எந்தச் சளி. எந்த மழை. அவள் விளக்கை அணைத்தாள்.

இருட்டில் கணினித் திரை மட்டும் இருந்தது, அதுவும் கறுப்பாக. லேசர் கோடு கோடாக வருடிக்கொண்டு வரும், மேலிருந்து கீழாகப் படம் மெல்ல விழும், ஓவியம் போடுகிறவன் தூரிகையைக் கழுவிக் கழுவிப் போடுவது மாதிரி நிதானமாக. முதலில் ரத்த நாளங்கள் வந்தன, வாலில் செலுத்திய சாயத்தால் சிவப்பாக, நூல் நூலாக. அதற்குப் பிறகு வர வேண்டியது பச்சை. கடலில் மிதக்கிற சொறி, அதாவது ஜெல்லிமீன் ஒன்றிடமிருந்து ஆதியில் எடுத்த மரபணு அது, வலையில் விழுந்தால் மீன்காரர்கள் திட்டிக்கொண்டே கடலில் எறிகிற வழுவழுப்பான சொறி, பட்டால் தோல் எரியும். அப்படி ஒன்றின் சகோதர ஜாதி, எங்கோ குளிர்ந்த கடலில், விளிம்பில் பச்சையாக ஒளிரும். அந்த ஒளியைச் செய்கிற புரதத்தின் குறிப்பை எடுத்து வைரஸ் வண்டிக்குள் வைத்து எலியின் காலில் ஊசி போட்டால், எந்தத் தசைநாருக்குள் வண்டி போய்ச் சேர்ந்ததோ அந்த நார் லேசர் பட்டதும் பச்சையாக ஒளிரும். உயிரோடு, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம். வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை, இங்கே வந்துவிட்டேன் என்று அது தானே சொல்லும். இதை ஒரு முறை வீட்டில் விளக்கிச் சொன்னபோது அம்மா, சொறியவா ஊசியில போடுதீய, அரிக்காதா, என்றாள். கிளாட்வின் சிரித்தான். அப்போது அவனால் குலுங்கிச் சிரிக்க முடிந்தது. தோள் குலுங்கும். இப்போது சிரிப்பு முகத்தோடு நின்றுவிடுகிறது, தோள் வரை போவதில்லை, பார்க்கிறவர்களுக்கு அவன் ஏதோ மரியாதைக்குச் சிரிக்கிறான் என்று தோன்றும்.

பச்சை வந்தது. ஒரு நார், பக்கத்தில் இன்னொன்று, நடுவே ஒன்று கறுப்பாக விட்டுப்போய், மறுபடி இரண்டு. சந்தோஷப்படாதே. போன முறை இதே மாதிரி வந்தது, துள்ளிக் குதித்தாள், கடைசியில் பார்த்தால் தசை தன் சொந்தக் குணத்தால் மங்கலாக மினுங்கியிருக்கிறது. காயம்பட்ட தசை பொய்யாக ஒளிரும், லேசான பச்சை, மஞ்சளோடு கலந்தது. ஆசையோடு பார்க்கிறவர்களை அது நன்றாக ஏமாற்றும். ஊசி போடாத இன்னொரு காலையும் பார்க்க வேண்டும், அதிலும் தோலை விலக்கித் தயாராக வைத்திருந்தாள். அதில் இருட்டாக இருந்தால்தான் இதில் தெரிவது உண்மை. லென்ஸைத் தூக்கி, எலியை நகர்த்தி, மறுபடி ஒரு சொட்டு நீர், மறுபடி கோடு கோடாக. இந்த இடைவெளியில் மனசு எங்கே போகும். ஆஸ்பத்திரிப் பெண்ணின் குரலுக்குப் போயிற்று. அதைக் கேட்ட அந்த முதல் நொடியில், வாயில் நுரையோடு, தனக்குள் என்ன நடந்தது என்று போயிற்று. அதைத் தொடக்கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போகிறாள், கொதிக்கிற சட்டியைச் சுற்றுகிற பூனை மாதிரி. அப்பாடா என்று இருந்தது. அதுதான். ஒரே ஒரு நொடி. எல்லாத் தசைக்கும் போய்ச் சேருகிற அளவுக்கு வைரஸை மனித உடம்பில் ஏற்றினால் சிலருக்கு ஈரல் கெட்டுப் போயிருக்கிறது, சிலர் பிழைக்கவில்லை, அதையெல்லாம் அவள் படித்திருக்கிறாள், படித்ததை வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. சோதனைக்கு அவன் பெயரைக் கொடுத்த நாளிலிருந்து கனவில் அவன் மஞ்சள் கண்ணோடு வந்துகொண்டிருந்தான். இனி அது நடக்காது. என் கையால் அனுப்பி அவன் சாக மாட்டான். சாக மாட்டானா. அந்த நொடி முடிந்ததும் மற்றது வந்தது. ஊசியால் சாக மாட்டான், அவ்வளவுதான். தோளும் தொடையும் போன பிறகு மூச்சுத் தசைக்கு வரும். எப்போது வரும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. வரும்.

ஊசி போடாத கால் இருட்டாக இருந்தது. சிவப்பு நூல்கள் மட்டும் ஓடின, அவற்றுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத நல்ல கறுப்பு. கதவைத் தட்டிவிட்டு சாயிரா உள்ளே வந்தாள். ஆராய்ச்சி மாணவி, இந்த எலிகளுக்குத் தீனி வைப்பதிலிருந்து ஊசி போடுவது வரை கூடவே இருந்தவள். திரைச்சீலையைத் தாண்டி வந்து இரண்டு படங்களையும் அருகருகே பார்த்தாள். "தசை அத எடுத்திருக்கு அக்கா," என்றாள் மெதுவாக. "பொய் இல்ல. நிஜமாவே எடுத்திருக்கு." அவள் கை பிலோமினாவின் தோளைப் பிடித்து அழுத்தியது. அந்த அழுத்தத்தில் அழுகை வந்துவிடும் போலிருந்தது. நாலு வருஷமாக எதற்காகக் காத்திருந்தாளோ அது திரையில் பச்சைப் பச்சையாக நிற்கிறது. "நான் இதப் பாத்துக்கறேன், ஊசி போட்ட காலயே மறுபடி வச்சிடறேன், நீங்க போய் உங்க தம்பியக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே பாக்கறதுக்கு அவருக்கு அதிர்ஷ்டம் இருக்கு பாருங்க," என்றாள் சாயிரா. அவளுக்குப் போன் விஷயம் தெரியாது. தெரியாதவர்கள் பேசுவதில் ஒரு குற்றமும் இல்லை. பிலோமினா ஆமாம் என்று தலையசைத்தாள், இருட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

லிஃப்டில் இறங்கும்போது, சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். இன்றைக்கு மட்டும். படத்தைப் பார்க்கட்டும், ஊருக்குப் போகட்டும், போனில் சொல்லிக்கொள்ளலாம். போனில் முகம் தெரியாது. யாருடைய முகம், அவனுடையதா என்னுடையதா. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனையே கூப்பிட்டால்? அவள்தான் சொல்லியிருந்தாள், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று. அவன் உப்புக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மேல் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுக்கக் கையைத் தூக்கினான், கை தோளுக்கு மேலே போகவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இடது கையால் வலது கையை ஏந்தித் தூக்கினான். பிறகு பார்த்தால் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் சொல்லவில்லை. இதை அவனே பிற்பாடு அவளிடம் சொன்னான், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் கடைசியில தெரிஞ்சுது, அதான்க்கா ஆங்காரமா இருந்துச்சு, என்று. அப்பாவும் அம்மாவும் சொந்தத்துக்குள் கட்டியவர்கள், மாமன் மகனைக் கட்டியதற்காக அம்மா இப்போது ஒவ்வொரு ஜெபமாலையிலும் மன்னிப்புக் கேட்கிறாள். அப்பா இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. இரண்டு பேரிடமும் அந்த மரபணுவின் ஒவ்வொரு கெட்ட பிரதி இருந்தது. இரண்டும் சேர்ந்து அவனுக்குப் போயின. பிலோமினாவுக்கு ஒன்றுதான் வந்தது, ஒன்று இருந்தால் ஒன்றும் செய்யாது. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே மீன்குழம்பு. அவளுக்கு மழையில் சளி பிடித்ததில்லை என்று யார் சொன்னது.

அம்மா நாற்காலியின் பின்கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், விட்டால் அது தானாக உருண்டு போய்விடும் என்பதுபோல. மேலே வர மாட்டேன் என்றாள். "எலியெல்லாம் நான் பாக்க மாட்டேன்ட்டீ, நீங்க போய்ட்டு வாங்க." கிளாட்வின் புதுச் சட்டை போட்டிருந்தான், கழுத்து வரை பட்டன். லிஃப்டில் பிலோமினா அவனுக்குப் பின்னால் நின்றாள், அது வசதியாக இருந்தது. அவன் உச்சந்தலையில் முடி குறைய ஆரம்பித்திருந்தது. "எக்கா, காலையில அவங்க கூப்ட்டாங்களா," என்றான், எதிரே இருந்த எஃகுக் கதவைப் பார்த்துக்கொண்டு. கதவில் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள். "முதல்ல வந்து பாரு," என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே, அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

இருட்டறையில் சாயிரா அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வாயுவின் அளவைப் பார்க்க எலியின் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். பிலோமினா நாற்காலியைத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பச்சை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. எலி மூச்சு விடும்போதெல்லாம் படம் லேசாக அதிர்ந்து மறுபடி நிலைக்கு வந்தது, உயிருள்ளது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். "இது பூரா தசையா," என்றான் பிறகு. "ஆமா. ஒவ்வொரு கோடும் ஒரு நார்." "எவ்வளவு நேரா இருக்கு." பிறகு, "நடுவுல கறுப்பா இருக்கது?" "அதுக்குள்ள போகல. எல்லாத்துக்குள்ளயும் போகாது." "இந்த எலிக்கு என் சீக்கு இருக்கா?" "இல்ல. இது நல்ல எலி. போய்ச் சேருதான்னு மட்டும்தான் பாக்கோம். உள்ள மருந்து கெடையாது, வெறும் வெளிச்சம்தான்." அவன் தலையை ஆட்டினான். ஆழத்துக்குப் போக முடியுமா என்று கேட்டான், பிலோமினா மேஜையில் இருந்த வட்டத் திருகைக் காட்டினாள், அதைத் திருப்பினால் மேலேயிருந்து கீழே ஒவ்வொரு அடுக்காக இறங்கலாம். அவன் கை மடியிலேயே இருந்தது. விரல்கள் நன்றாக இருக்கின்றன, பேனா பிடிப்பான், மடியில் வைத்த போனைத் தட்டுவான், மேஜை உயரத்துக்குக் கையைக் கொண்டுவருவதுதான் முடியாது. "தூக்கி வையி," என்றான். அவள் முழங்கைக்குக் கீழே ஒரு கையும் மணிக்கட்டில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினாள். சட்டைக்குள் மேற்கையில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, எலும்பின் மேல் துணி மாதிரி. ஆனாலும் கை கனத்தது. இவ்வளவு மெலிந்த கைக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வருகிறது. திருகின் மேல் வைத்தாள். அவன் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன, மெதுவாக, மிகச் சரியாகத் திருப்பின. பச்சை ஒரு அடுக்கு மங்கியது, இன்னொரு அடுக்கு வந்தது, நார்கள் கொஞ்சம் திசை மாறின, சிவப்பு நூல் ஒன்று குறுக்கே போயிற்று. அவன் இறங்கிக்கொண்டே போனான்.

"சேத்துக்க மாட்டாங்களா," என்றான், திருகுவதை நிறுத்தாமல்.

"மாட்டாங்க." சொல்லிவிட்டாள். எவ்வளவு சின்ன வார்த்தை. பிறகு காரணத்தைச் சொன்னாள், சளியையும் ரத்தத்தையும் பற்றி, தணிந்த குரலில், தமிழில் சொல்ல முடிந்ததைத் தமிழில். சாயிரா அந்தப் பக்கம் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவன் கேட்டுக்கொண்டே கீழே கீழே போனான், பச்சை புகை மாதிரி ஆகி, பிறகு புள்ளி புள்ளியாகி, கடைசியில் திரை கறுப்பாயிற்று. "இதுக்குக் கீழ?" "அதுக்குக் கீழ வெளிச்சம் போகாது." "தசை இருக்கும்லா?" "இருக்கும். நமக்குத் தெரியாது." அவன் விரல்களை எடுக்கவில்லை. "வேற வைரஸ்ல ஏத்திக் குடுக்க முடியாதா," என்று கேட்டான். அந்தக் கேள்வியில் ஆசை இல்லை, கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போய்விடக் கூடாது என்கிற ஒழுங்குதான் இருந்தது. முயற்சி செய்கிறார்கள் என்றாள். எப்போது என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரை ஒரு வருஷக் கணக்கு வந்தது. விழுங்கினாள், புதினா எரிச்சலின் மேலேயே அதுவும் போய் விழுந்தது. இவன் அழுதால் நான் என்ன செய்வேன், இவன் கையைக்கூட இவனால் முகத்துக்குக் கொண்டுபோக முடியாதே, கண்ணை யார் துடைப்பது, சாயிராவுக்கு முன்னால் நான் துடைத்தால் இவனுக்குப் பிடிக்குமா. அவன் அழவில்லை. "கைய எடுத்து மடியில வச்சிரு," என்றான். வைத்தாள். "அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் பேசாத."

வரவேற்பறையில் அம்மா எழுந்து நின்றாள். கையில் ஜெபமாலை இல்லை, பைக்குள் போட்டிருந்தாள், நல்ல செய்தி வரும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"பாத்தியா?"

"பாத்தேம்மா. பச்சையா இருந்துச்சு. நல்லா தெரிஞ்சுது."

"ஒனக்கு எப்பம்னாங்க?"

"எனக்கு இல்லம்மா," என்றான் கிளாட்வின். "என் ரத்தம் அத ஏத்துக்கிடாதாம். வேற ஆளுகளுக்கு ஆவும்."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிலோமினாவைப் பார்த்தாள், நீ சொல், இவன் சொல்வது சரியா என்று அல்ல, இதை மாற்றிச் சொல்லேன் என்று. தம்பி கேட்டுக்கொண்டபடி பிலோமினா பேசவில்லை, கேட்டிருக்காவிட்டாலும் பேசியிருக்க மாட்டாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து யாரோ உள்ளே வந்தார்கள், வெயில் ஒரு முறை தரையில் அடித்துவிட்டு மூடிக்கொண்டது. கிளாட்வினின் ஒரு கால் மிதிபலகையிலிருந்து நழுவித் தரையில் உரசிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்தாள், அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் எடுத்து மிதிபலகையில் நேராக வைத்தாள், வைத்த பிறகும் உடனே எழுந்திருக்கவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. எழுந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"அந்த எலி இப்ப எங்க," என்று கேட்டாள்.

"மேலதான்மா. மயக்கத்துல இருக்கு. சாயிரா பாத்துக்கிடுதா. கால்ல தோல் தெறந்திருக்கு, நான் போய்த் தைக்கணும். நீங்க இருங்க, முடிச்சிட்டு வந்து வண்டி ஏத்தி விடுதேன்."

"அப்ப இங்க எதுக்கு நிக்க. போ," என்றாள் அம்மா. "முழிச்சிட்டா வலிக்கும்லா அதுக்கு."

லிஃப்ட் மேலே எங்கோ நின்றுகொண்டிருந்தது, விளக்கு எரியவில்லை. பிலோமினா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். முதல் படியில் கால் வைத்தபோது தொடையின் முன்பக்கம் இறுகுவது தெரிந்தது, அடுத்த படியில் அடுத்த தொடை. இறுகி, தளர்ந்து, இறுகி. அவளைக் கேட்காமலே அவை அவளைத் தூக்கிக்கொண்டு போயின. கைப்பிடியைப் பற்றவில்லை. இடையில் நிற்க நினைத்தாள், அழுவதற்காக, ஆனால் கால்கள் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தன.